ஜாக் லேட்டனின் தேர்தல் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் கூட்டாட்சித் தேர்தல் என்று பேச்சு எழுந்தாலே ஜாக் லேட்டனின் பெயரும் கூடவே அடிபடும். புதிய ஜனநாயகக் கட்சியை 2003 முதல் 2011 வரை நடத்தியவர். அவர் காலத்தில் கட்சி எடுத்த 103 ஆசனங்கள்தான் பலருக்கு நினைவிருக்கிறது. எனக்கு அந்த எண்ணைவிட 2005இல் அவர் கையில் இருந்த 19 ஆசனங்கள் பெரிதாகத் தெரிகின்றன. ஏன் என்பதைக் கீழே உள்ள பதில்களில் சொல்லப் பார்க்கிறேன்.

அவர் அரசியல் குடும்பத்தில் பிறந்தவரா?

ஆமாம், ஆனால் எதிர்ப்பக்க அரசியல். 1950 ஜூலை 18ஆம் தேதி மொன்றியலில் பிறந்து, அருகிலுள்ள ஹட்சன் என்ற சிறு ஊரில் வளர்ந்தார். தாத்தா கில்பர்ட் லேட்டன் கியூபெக் மாகாண முதல்வர் மொரிஸ் டுப்ளெசியின் அமைச்சரவையில் இருந்தவர். 1939இல் போர் விடயத்தில் அரசின் நிலைப்பாட்டை ஏற்க முடியாமல் பதவி விலகினார். தந்தை ராபர்ட் லேட்டன் 1984 முதல் 1993 வரை முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர், பிரதமர் பிரயன் மல்ரோனி அரசில் அமைச்சர். மகன் போனது இடதுபக்கம்.

அதற்கு மக்கில் பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கற்பித்த தத்துவப் பேராசிரியர் சார்ல்ஸ் டெய்லர் ஒரு முக்கிய காரணம். டெய்லரும் இதே கட்சியின் வேட்பாளராக நின்றவர். 1965இல், பிற்பாடு பிரதமரான பியர் ட்ரூடோவிடம் தோற்றவர். பிறகு லேட்டன் ரொறன்ரோவுக்கு வந்து யோர்க் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு முடித்தார், ரையர்சனில் அரசியல் கற்பித்தார்.

முதலில் எந்தத் தேர்தலில் வென்றார்?

1982 ரொறன்ரோ மாநகரசபைத் தேர்தலில். ஏற்கெனவே உறுப்பினராக இருந்த கோர்டன் சோங்கை அவர் தோற்கடிப்பார் என்று பலர் எதிர்பார்க்கவில்லை.

ஒன்ராறியோவின் மாநகரசபைத் தேர்தல்களில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. சபைக்குள் கட்சிக் கொறடாவும் இல்லை. ஒரு தெருவில் சைக்கிள் பாதை போட வேண்டுமென்றாலும், வீடற்றோர் விடுதிக்குப் பணம் ஒதுக்க வேண்டுமென்றாலும், ஒவ்வொரு உறுப்பினராகப் போய்ப் பேசி, ஒவ்வொரு தீர்மானத்துக்கும் தனித்தனியாகப் பெரும்பான்மை திரட்ட வேண்டும். நேற்று எதிர்த்து வாக்களித்தவரிடம் இன்று ஆதரவு கேட்டு நிற்க வேண்டும். இருபது ஆண்டுகளில் பெரும்பகுதியை லேட்டன் இந்த வேலையில்தான் கழித்தார். பிற்பாடு தலைநகர் ஒட்டாவாவில் அவர் செய்தவற்றின் வேர் இங்கே இருக்கிறது.

எய்ட்ஸ் நோய் பற்றிப் பேசவே பலர் தயங்கிய எண்பதுகளில் அதற்கு நகரம் பணம் ஒதுக்க வேண்டும் என்று போராடினார். 1989இல் மொன்றியல் பொலிடெக்னிக் கல்லூரியில் 14 பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பிறகு 1991இல், பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக ஆண்கள் குரல் கொடுக்கும் 'வெள்ளை ரிப்பன்' இயக்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பின்னர் கனடிய நகராட்சிகள் கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்தார். நாடு முழுவதும் உள்ள சிறு நகரங்களின் மேயர்கள் அவருக்கு அறிமுகமானது அப்படித்தான்.

எத்தனை தடவை தோற்றார்?

பெரிய தோல்விகள் மூன்று.

1991இல் ரொறன்ரோ மேயர் தேர்தலில் ஜூன் ரோலண்ட்ஸிடம் பெரும் வித்தியாசத்தில் தோற்றார். அதுவரை கசங்கிய ஜீன்ஸும் கலைந்த தலையுமாகத் திரிந்தவர் அந்தத் தேர்தலுக்காகத்தான் கோட்டும் சூட்டும் போடத் தொடங்கினார் என்பார்கள். 1993 கூட்டாட்சித் தேர்தலில் ரோஸ்டேல் தொகுதியில் நின்று நான்காம் இடம். அந்த ஆண்டு கட்சியே நாடு முழுவதும் 9 ஆசனங்களுக்குச் சுருங்கியது. 1997இல் பிராட்வியூ-கிரீன்வுட் தொகுதியில் லிபரல் கட்சியின் டெனிஸ் மில்ஸிடம் மறுபடியும் தோல்வி.

இடையில் 1994இல், ரொறன்ரோவையும் அதன் அண்டை நகரங்களையும் சேர்த்த பெருநகரசபைக்குத் திரும்பினார். 1997 ஜூனில் தோற்றவர் அதே ஆண்டு நவம்பரில், ஒன்றிணைக்கப்பட்ட புதிய ரொறன்ரோவின் மாநகரசபைக்குத் தெரிவானார்.

அரசு மானிய வீட்டில் இருந்தார் என்ற குற்றச்சாட்டு உண்மையா?

1990இல் இது பெரிய செய்தியானது. அவரும் மனைவி ஒலிவியா சௌவும் கூட்டுறவுக் குடியிருப்பு ஒன்றில் இருந்தார்கள். இருவருக்கும் நல்ல வருமானம் இருக்கும்போது மானியம் பெறும் குடியிருப்பில் ஏன் இருக்க வேண்டும் என்பது கேள்வி. அந்த மாதிரிக் குடியிருப்புகள் எல்லா வருமானக்காரர்களும் கலந்து வாழ்வதற்கென்றே கட்டப்பட்டவை. மானியப் பங்கை ஈடுசெய்ய அவர்கள் மாதம் 325 டொலர் தாமாகவே கூடுதலாகக் கட்டி வந்தார்கள். நகரின் சட்ட அதிகாரி விசாரித்து, முறைகேடு இல்லை என்றார். இருந்தும் அடுத்த இருபது ஆண்டுகள் ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது இதைக் கிளப்பினார்கள்.

பாராளுமன்ற உறுப்பினராக இல்லாதவர் எப்படிக் கட்சித் தலைவரானார்?

2003 ஜனவரி 25ஆம் தேதி நடந்த தலைவர் தேர்தலில், ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு வாக்கு என்ற முறை முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. போட்டியிட்டவர்களில் பில் பிளேக்கி 1979 முதல் பாராளுமன்றத்தில் இருந்தவர். லோர்ன் நிஸ்ட்ரம் 1968இலேயே முதலில் தெரிவானவர். கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்களில் லேட்டனை ஆதரித்தவர்கள் லிபி டேவிஸும் ஸ்வென்ட் ராபின்சனும் மட்டுமே. ஆனால் முன்னாள் தலைவர் எட் பிராட்பென்ட் அவர் பக்கம் நின்றார். முதல் சுற்றிலேயே லேட்டனுக்கு 53.5 சதவீதம் கிடைத்தது.

உடனே இடைத்தேர்தலில் நின்று சபைக்குள் போக அவர் முயலவில்லை. பிளேக்கி உள்ளே கட்சிக்குத் தலைமை தாங்கினார். லேட்டன் கேள்வி நேரம் முடியும்வரை காத்திருந்து, வெளியே தாழ்வாரத்தில் செய்தியாளர்களிடம் பேசுவார்.

2004 முதல் 2008 வரை தேர்தல் முடிவுகள் எப்படி?

2000இல், அவருக்கு முன்பு, கட்சிக்கு 13 ஆசனங்கள், 8.5 சதவீத வாக்கு. 2004இல் 19 ஆசனங்கள், 15.7 சதவீதம். வாக்கு ஏறக்குறைய இரட்டிப்பு, கூடிய ஆசனங்களோ ஆறு. விகிதாசாரத் தேர்தல் முறை வேண்டும் என்று அவர் விடாமல் கேட்டதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. 2006இல் 29 ஆசனங்கள், 2008இல் 37.

அவருடைய சொந்தத் தொகுதி ரொறன்ரோ-டான்ஃபோர்த். 2004இல், 1997இல் தன்னைத் தோற்கடித்த அதே டெனிஸ் மில்ஸைச் சுமார் 2,400 வாக்குகளால் வென்றார். அதன்பின் அங்கே அவருக்கு நெருக்கடி வந்ததில்லை. 2011இல் நூற்றுக்கு அறுபதுக்கு மேல். அதே நகரின் டிரினிட்டி-ஸ்படைனா தொகுதியில் 2006இல் ஒலிவியா சௌ வென்றார். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் பாராளுமன்றத்தில் இருந்தார்கள்.

2004 பிரசாரத்தில் அவர் ஒரு தடவை வார்த்தையை விட்டார். ரொறன்ரோவில் வீடற்றவர்கள் இறந்ததற்கு லிபரல் பிரதமர் பால் மார்ட்டினே பொறுப்பு என்றார். மார்ட்டின் நிதியமைச்சராக இருந்தபோதுதான் வீட்டு வசதிக்கான பணம் வெட்டப்பட்டது என்பது அவருடைய வாதம். கோபத்தில் நியாயம் இருந்தது, சொன்ன விதம் பலரை விலக்கிவிட்டது.

வெறும் 19 ஆசனங்களை வைத்துக்கொண்டு பட்ஜெட்டை மாற்றினார் என்பது எப்படி?

2004இல் லிபரல் கட்சி 135 ஆசனங்களோடு சிறுபான்மை அரசு அமைத்தது. 308 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு 155 தேவை. 135ஐயும் 19ஐயும் கூட்டினால் 154. ஒன்று குறைகிறது.

2005 வசந்தத்தில் விளம்பர நிதி ஊழல் விசாரணையால் மார்ட்டின் அரசு ஆட்டம் கண்டது. கன்சர்வேட்டிவ் கட்சியும், கியூபெக் தனிநாடு கோரும் புளொக் கெபெக்குவா கட்சியும் அரசைக் கவிழ்க்கத் தயார். அப்போது லேட்டன் போய், பெருநிறுவனங்களுக்கு அறிவித்த வரிக் குறைப்பை நிறுத்திவைத்து அந்தப் பணத்தை மக்களுக்குச் செலவிட்டால் ஆதரிக்கிறோம் என்று பேரம் பேசினார். ஏப்ரல் இறுதியில் உடன்பாடு வந்தது. 460 கோடி டொலர்: குறைந்த வாடகை வீடுகள், உயர்கல்வி, பொதுப் போக்குவரத்து, வெளிநாட்டு உதவி.

மே 19ஆம் தேதி வாக்கெடுப்பு. இரண்டு நாள் முன்புதான் கன்சர்வேட்டிவ் உறுப்பினர் பெலிண்டா ஸ்ட்ரோனக் லிபரல் பக்கம் தாவி அமைச்சராகியிருந்தார். சுயேச்சை உறுப்பினர் சக் காட்மன் புற்றுநோய் முற்றிய நிலையில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து ஒட்டாவா வந்து சேர்ந்தார். அவர் எந்தப் பக்கம் எழுவார் என்று கடைசிவரை தெரியாது. கனடியப் பாராளுமன்றத்தில் அப்போது பதிவு வாக்கெடுப்பு என்றால் ஒவ்வொருவராக எழுந்து நிற்பதுதான் வாக்கு. காட்மன் அரசுக்கு ஆதரவாக எழுந்தார். 152க்கு 152. சபாநாயகர் பீட்டர் மில்லிகன் தன் வாக்கைப் போட்டுச் சமநிலையை உடைத்தார். மசோதா தப்பியது. காட்மன் ஜூலையில் காலமானார்.

சபையில் நான்காவது இடத்தில் இருந்த கட்சி ஒன்று, அரசின் பட்ஜெட்டில் தன் கையெழுத்தைப் பதித்தது. மாநகரசபையில் வாக்கு வாக்காகப் பொறுக்கிப் பழகியவருக்கே இது வரும்.

அப்படியானால் அதே அரசை ஏழு மாதத்தில் ஏன் கவிழ்த்தார்?

தனியார் மருத்துவச் சேவை பெருகுவதைத் தடுக்கத் திட்டவட்டமான உறுதி கேட்டார், திருப்தியான பதில் வரவில்லை. 2005 நவம்பர் 28ஆம் தேதி எதிர்க்கட்சிகள் சேர்ந்து 171க்கு 133 என்று அரசைத் தோற்கடித்தன. 2006 ஜனவரித் தேர்தலில் கன்சர்வேட்டிவ் தலைவர் ஸ்டீபன் ஹார்ப்பர் வென்று பிரதமரானார்.

லிபரல் ஆதரவாளர்கள் இதை இன்றும் மன்னிக்கவில்லை. மாகாணங்களோடு செய்த குழந்தைப் பராமரிப்பு ஒப்பந்தங்களும், பழங்குடி மக்களுக்கான கெலோனா உடன்பாடும் ஹார்ப்பர் ஆட்சியில் கைவிடப்பட்டன. லேட்டன் சேராவிட்டால் அரசு கவிழ்ந்திருக்காது என்பது அவர்கள் வாதம். ஆனால் விசாரணை அறிக்கை வந்ததும் தேர்தல் நடத்துவதாக மார்ட்டினே வாக்குக் கொடுத்திருந்தார். சில மாதம் தள்ளியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அந்தச் சில மாதங்களை லேட்டன் கொடுத்திருக்கலாம் என்பதே என் எண்ணம்.

2008 கூட்டணி முயற்சி என்ன ஆனது?

2008 அக்டோபர் தேர்தலில் கன்சர்வேட்டிவ் 143, லிபரல் 77, புளொக் 49, புதிய ஜனநாயகக் கட்சி 37. பொருளாதார நெருக்கடி முற்றிய நேரத்தில் ஹார்ப்பர் அரசு, கட்சிகளுக்கான அரச நிதியை வெட்டும் அறிக்கையைக் கொண்டுவந்தது. டிசம்பர் 1ஆம் தேதி லிபரல் தலைவர் ஸ்டெஃபான் டியோனும் லேட்டனும் கூட்டணி அரசுக்குக் கையெழுத்திட்டார்கள். புளொக் தலைவர் ஜில் டுசெப் வெளியிலிருந்து ஆதரவு தருவதாக ஒப்புக்கொண்டார். அமைச்சரவையில் லேட்டனின் கட்சிக்கு ஆறு இடங்கள்.

டிசம்பர் 4ஆம் தேதி ஹார்ப்பர் ஆளுநர் நாயகம் மிக்கேல் ஜானைச் சந்தித்தார். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்து, பாராளுமன்றத்தை ஜனவரி வரை முடக்க அனுமதி வாங்கினார். அதற்குள் லிபரல் தலைமை மைக்கேல் இக்னாட்டியெஃப்பிடம் போனது. அவர் கூட்டணியைக் கைவிட்டார். கூட்டாட்சி அமைச்சரவைக்கு அவ்வளவு அருகில் லேட்டனின் கட்சி அதற்கு முன்பும் போனதில்லை, பின்பும் போனதில்லை.

கியூபெக்கில் 2011இல் அந்த அலை எப்படி வந்தது?

ஒரே இரவில் வரவில்லை. 2004இல் கியூபெக்கில் கட்சிக்கு ஒரு ஆசனமும் இல்லை. 2005இல் கட்சியின் கியூபெக் பிரிவு ஷேர்புரூக் பிரகடனத்தை ஏற்றது. கியூபெக்கின் எதிர்காலத்தை அந்த மாகாண மக்களே முடிவு செய்யலாம், பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும் என்பது அதன் சாரம். மற்ற மாகாணங்களில் இதற்கு எதிர்ப்பு இருந்தும் லேட்டன் பின்வாங்கவில்லை. 2007 செப்டம்பரில் மொன்றியலின் ஊட்ரமோன் இடைத்தேர்தலில், மாகாண அமைச்சராக இருந்த தோமஸ் மல்கேர் லிபரல் கோட்டையைப் பிடித்தார். 2008 பொதுத்தேர்தலிலும் அதைத் தக்கவைத்தார்.

2011 மார்ச்சில் லேட்டனுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே தனக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் என்று அறிவித்திருந்தார். தேர்தல் மேடைகளுக்கு ஊன்றுகோலோடு வந்தார். முதலில் நொண்டி நடக்க உதவிய கோலை, கடைசி வாரங்களில் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவார், கூட்டம் ஆர்ப்பரிக்கும். கியூபெக்கின் புகழ்பெற்ற ஞாயிறு இரவு உரையாடல் நிகழ்ச்சியில் மொன்றியல் தெருப் பிரெஞ்சில் சிரித்துப் பேசினார். அங்கே அவரை 'நல்ல ஜாக்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். ஆங்கில விவாதத்தில் இக்னாட்டியெஃப் பாதிக்கு மேற்பட்ட வாக்கெடுப்புகளுக்கு வரவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, வேலைக்கு வராதவருக்குப் பதவி உயர்வு கிடைக்காது என்றார். மறுபக்கம் திணறிப்போனது.

மே 2 முடிவு: கட்சிக்கு 103 ஆசனங்கள், 30.6 சதவீத வாக்கு. அதில் 59 கியூபெக்கில். புளொக் நான்காகச் சுருங்கி, டுசெப்பே தன் தொகுதியை இழந்தார். இக்னாட்டியெஃப்பும் தோற்றார், லிபரல் 34. ஷேர்புரூக்கில் வென்ற பியர்-லுக் டியூசோவுக்கு வயது 19, கனடிய வரலாற்றிலேயே மிக இளைய பாராளுமன்ற உறுப்பினர். பல்கலைக்கழக மதுச்சாலையில் வேலை செய்த ரூத் எலன் புரோசோ, பிரசார நாட்களில் லாஸ் வேகஸுக்கு விடுமுறை போயிருந்தும் வென்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரோ பிரெஞ்சைச் சரளமாக்கி, தொகுதியில் ஊர் ஊராக உழைத்து, 2015இல் கட்சி சரிந்தபோதும் மீண்டும் வென்றார்.

தமிழர்களுக்கும் அந்தத் தேர்தலுக்கும் என்ன தொடர்பு?

யாழ்ப்பாணத்தில் பிறந்த ராதிகா சிற்சபைஈசன் இதே கட்சியின் வேட்பாளராக ஸ்கார்பரோ-ரூஜ் ரிவர் தொகுதியில் வென்று, கனடியப் பாராளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார். 1988 முதல் லிபரல் கட்சியின் டெரெக் லீ வைத்திருந்த தொகுதி அது. வெறும் அலையில் கிடைத்த வெற்றி என்று இதைச் சொல்ல மாட்டேன். ரொறன்ரோவின் புறநகர்களில் லிபரல் இழந்த பல ஆசனங்கள் அந்தத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் பக்கம்தான் போயின.

103 ஆசனங்களை வைத்து என்ன சாதிக்க முடிந்தது?

மிகக் குறைவு. ஹார்ப்பருக்கு 166 ஆசனங்கள், முழுப் பெரும்பான்மை. இனி யாருடைய ஆதரவும் தேவையில்லை.

ஜூனில் தபால் ஊழியர்களை வேலைக்குத் திருப்பும் மசோதா வந்தபோது, லேட்டனும் புதிய உறுப்பினர்களும் இரவு பகலாக மாறி மாறிப் பேசி ஏறக்குறைய 58 மணி நேரம் இழுத்தடித்தார்கள். முடிவில் மசோதா நிறைவேறியது. 19 பேரோடு 460 கோடி டொலரை மாற்றிய கட்சியால், 103 பேரோடு ஒரு மசோதாவை நிறுத்த முடியவில்லை. எதிர்க்கட்சித் தலைவரின் இல்லமான ஸ்டோர்னவே அவர் கட்சிக்கு முதன்முறையாகக் கிடைத்தது உண்மைதான். ஆனால் வாடகைக்குத் திண்டாடும் ஒரு குடும்பத்துக்கு 2005தான் ஏதோ செய்தது. அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

பின்னர் 2022இல் கட்சியின் அப்போதைய தலைவர் ஜக்மீத் சிங் 25 ஆசனங்களை வைத்து, ஜஸ்டின் ட்ரூடோவின் சிறுபான்மை அரசிடமிருந்து பல் மருத்துவத் திட்டத்தைப் பெற்றதும் இதே வழியில்தான்.

எப்போது இறந்தார்?

2011 ஜூலை 25ஆம் தேதி, மெலிந்த உடலும் கரகரத்த குரலுமாகச் செய்தியாளர்கள் முன் வந்து, வேறொரு புற்றுநோய் வந்திருப்பதாகச் சொன்னார். நிக்கோல் டூர்மெலை இடைக்காலத் தலைவராகப் பரிந்துரைத்தார். ஆகஸ்ட் 22ஆம் தேதி ரொறன்ரோவில் தன் வீட்டில் காலமானார். வயது 61. இரண்டு நாள் முன்பு எழுதிய கடிதத்தில், கோபத்தைவிட அன்பும், பயத்தைவிட நம்பிக்கையும் மேல் என்று கனடியர்களுக்குச் சொல்லியிருந்தார். மாநகரசபைக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில், மக்கள் சுவரிலும் தரையிலும் வண்ணச் சுண்ணக்கட்டியால் அந்த வரிகளை எழுதி நிரப்பினார்கள். மழை கழுவிய பிறகும் திரும்ப வந்து எழுதினார்கள். எதிர்க்கட்சித் தலைவர் ஒருவருக்கு வழக்கமில்லாத அரச மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்த ஹார்ப்பர் முன்வந்தார்.

குடும்பத்தில் வேறு யாரும் அரசியலில் இருக்கிறார்களா?

மகன் மைக் லேட்டன் 2010 முதல் 2022 வரை ரொறன்ரோ மாநகரசபை உறுப்பினர். ஒலிவியா சௌ 2014 மேயர் தேர்தலில் மூன்றாவதாக வந்தார். 2023 ஜூன் இடைத்தேர்தலில் வென்று மேயரானார்.

அவருடைய தொகுதியும் கட்சியும் பிறகு என்ன ஆயின?

2012 மார்ச் இடைத்தேர்தலில் கிரெய்க் ஸ்காட் ரொறன்ரோ-டான்ஃபோர்த்தைக் கட்சிக்குக் காப்பாற்றினார். அதே மாதம் மல்கேர் தலைவரானார். 2015இல் கட்சி 44 ஆசனங்களுக்கு இறங்கியது. டான்ஃபோர்த்தை லிபரல் கட்சியின் ஜூலி டப்ரூசின் பிடித்தார், தொடர்ந்து வைத்திருக்கிறார். 2019இல் 24, 2021இல் 25, 2025இல் 7. கியூபெக்கின் 59இல் 2025 தேர்தலில் எஞ்சியது ஒன்று. அங்கீகரிக்கப்பட்ட கட்சியாக இருக்க 12 ஆசனங்கள் வேண்டும். அந்தத் தகுதியும் போய்விட்டது. ஆனால் 2025 தேர்தலில் லிபரல் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை, சில ஆசனங்கள் குறைவாகவே வென்றது.